நாற்பத்தொரு நாள் அமைச்சர்

ஏப்ரல் 11, 2015, சனி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டிச் சொல்ல மாட்டேன், குறைத்துச் சொல்ல மாட்டேன், எனக்கு வெட்கம் தரும் விஷயமானாலும் விட மாட்டேன்.

நேற்றோடு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தது. சமூக அறிவியலில் ஒரு மதிப்பெண் கண்டிப்பாகப் போகும். வரைபடத்தில் செங்கடலைக் குறிக்கச் சொன்னார்கள். நான் ஏடன் வளைகுடாவைக் குறித்துவிட்டு வந்தேன். பேருந்தில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. வழி முழுவதும் எரிச்சலாக இருந்தது. வீட்டு மாடியிலேயே பன்னிரண்டு யெமன்காரர்களை வைத்துக்கொண்டு யாராவது இப்படிச் செய்வார்களா?

இது மருந்துக் கம்பெனிக்காரர் வாப்பாவுக்குக் கொடுத்த 2014ஆம் வருட டைரி. அச்சிட்ட கிழமைகள் எல்லாம் தப்பு. அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

முதலில் யார் யார் என்று எழுத வேண்டும்.

வாப்பா பெயர் சுலைமான். ஊர் காயல்பட்டினம். ஜித்தாவில் பதினெட்டு வருடம் இருந்ததால் அரபி நன்றாக வரும். இப்போது ஆயிரம் விளக்கில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வரும் அரபு நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளர். நாங்கள் தரைத்தளத்தில் இருக்கிறோம். மேலே மூன்று மாடிகளிலும் நோயாளிகள் தங்குகிறார்கள். அறைகளை வாப்பாதான் பார்த்துக்கொள்கிறார். துணி மாற்றுவது, தண்ணீர் கேன் ஏற்றுவது எல்லாம் உம்மாவும் நானும்.

இப்போது இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் வைத்தியம் முடிந்துவிட்டது. ஆனால் அவர்கள் நாட்டில் போர். விமான நிலையத்தில் குண்டு விழுந்து விமானங்கள் நின்றுவிட்டன. யாரும் ஊர் திரும்ப முடியவில்லை.

மூன்றாம் மாடி முழுவதும் ஒரே ஒருவர். உமர் ஸாலிம் பா-மஹ்ரூஸ், வயது அறுபத்தெட்டு, பைபாஸ் ஆனவர். பல நாடுகளில் தூதராக இருந்தவர். எல்லாரும் அவரை சஃபீர் என்கிறார்கள். அரபியில் தூதர் என்று அர்த்தம். உம்மா 'சஃபீர் காக்கா' என்பாள். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். ஆனால் அதை அன்பாகச் சொல்வதில்லை.

"ஒத்த ஆளு, ஏழு லைட்டு. பகல்லயும் எரியுது. கல்யாண வீடா இது? நீங்க போய் சொல்லுங்கோ, நுஸைபா வாப்பா."

"பெரிய மனுஷன்ட்ட லைட்டை அணைங்கோன்னு எப்படிச் சொல்றது?"

"அரபியில சொல்லுங்கோ. அதுக்குத்தானே ஆஸ்பத்திரில ஒங்களை வச்சிருக்காஹ?"

வாப்பா போனார். பதில் வாங்கிவந்தார். தூதரகத்தில் விளக்கு எரியாவிட்டால் அரசாங்கம் விழுந்துவிட்டது என்று ஊர் நினைக்குமாம். நாற்பது வருடப் பழக்கமாம்.

"இது தூதரகம் இல்லையே, லாட்ஜுதானே" என்றாள் உம்மா.

அதை மொழிபெயர்த்துச் சொல்ல வாப்பா மேலே போகவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

சஃபீரின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் போகிறேன். பள்ளி மலருக்கு 'நான் கண்ட பெரியவர்' என்று கட்டுரை கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் மாமாவைப் பற்றி எழுதுவார்கள். நான் ஒரு தூதரைப் பற்றி எழுதுவேன்.

அவர் என்னோடு ஆங்கிலத்தில் பேசுகிறார். நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். என்னை 'மிஸ் நுஸைபா' என்கிறார். அது ஒன்றுதான் இன்று நடந்த நல்ல விஷயம்.

பிறந்தது முகல்லா, கடற்கரை ஊர். இருபத்துமூன்று வயதில் ஏடனில் வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தார். அப்போது யெமன் இரண்டு நாடு. இவர் தெற்கு. 1990 மே 22 அன்று இரண்டும் ஒன்றாகின. அவர் அப்போது தூதராக இருந்த வெளிநாட்டுத் தலைநகரில் இரண்டு யெமனுக்கும் தனித்தனித் தூதர்கள். அந்த நாளிலிருந்து ஒரே தூதரகம்.

"பிறகு என்ன ஆனது?"

"இரண்டு கார், ஒரே கொடி. எந்தக் காரில் கட்டுவது என்று ஓட்டுநர்கள் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். நாங்கள் இரண்டு தூதர்களும் உள்ளே தேநீர் குடித்தோம்."

"யார் காரில் கட்டினார்கள்?"

"கூட்டறிக்கை வெளியிட்டோம்."

"கொடி?"

"மழை வந்தது. உள்ளே எடுத்து வைத்துவிட்டோம்."

இப்படித்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கிடைத்தது ஒரு பக்கம். அதிலும் 1993க்குப் பிறகு 1996க்கு வந்துவிட்டார். நடுவில் என்ன என்று கேட்டேன்.

"ஓய்வு."

"நாற்பத்தாறு வயதிலா?"

"கண் வலி."

மூன்று வருடம் கண் வலித்ததாம்.

ஏப்ரல் 20, திங்கள்

உம்மு வலீத் பற்றி எழுத வேண்டும். முதல் மாடியில் இருக்கிறாள். கணவர் அலி மாஸ்டர் சரித்திர ஆசிரியர். அவருக்குச் சிறுநீரக அறுவைச் சிகிச்சை. மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம் என்று பிள்ளைகள் இரண்டு பேரையும் தமார் என்ற ஊரில் அவள் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். பத்து வாரம் ஆகிறது. மூத்தவன் வலீதுக்கு ஏழு வயது. பெண் குழந்தைக்கு மூன்று.

அவளுக்கு ஒரு தமிழ்ச் சொல் நன்றாகத் தெரியும், 'நாளைக்கி.' ஆஸ்பத்திரியில் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொன்னார்களாம். இப்போது தினமும் மாலையில் படிக்கட்டில் நின்று, வாப்பா உள்ளே வரும்போது கேட்கிறாள்.

"நாளைக்கி?"

வாப்பா தலை குனிந்தபடி செருப்பைக் கழற்றுகிறார்.

இன்று கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். வலீதுக்கு முன்பல் விழுந்திருக்கிறது. அவன் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டுகிறான். அவன் பின்னால் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஒட்டு நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருக்கிறார்கள். வெடிச் சத்தத்தில் கண்ணாடி சிதறாமலிருக்க என்று அலி மாஸ்டர் சொன்னார். அவள் பல்லை மட்டும்தான் காட்டினாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

முக்கியமான நாள். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சஃபீர் என்னை மேலே அழைத்தார். மும்பையிலிருந்து ஒரு விமானத்துக்கு ஏற்பாடு நடக்கிறதாம். யார் யார் ஏறலாம் என்ற பட்டியலை, போரில் தப்பிய யெமன் அரசாங்கம் இப்போது இருக்கும் ரியாத்தில், முபாரக் என்பவர் பார்க்கிறார். அந்த முபாரக் ஒரு காலத்தில் சஃபீரின் கீழே மூன்றாம் செயலாளராக இருந்தவர். சஃபீர் ஒரு கடிதம் எழுதினால் போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உம்மு வலீத் சூடான ரொட்டியும் தேனும் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்திருந்தாள்.

வாப்பாவின் மடிக்கணினியில் அரபி எழுத்து இல்லாததால் ஆங்கிலத்தில் நான் தட்டச்சு செய்தேன். இப்படிக் கடிதம் நான் பார்த்ததே இல்லை. முதல் ஏழு வரியும் வணக்கம், மேன்மை, உயர்ந்த மதிப்பு. பிறகு நாட்டின் இந்தச் சோதனையான காலத்தில் தம் அனுபவத்தை எந்தப் பொறுப்பிலும் பயன்படுத்திக்கொள்ளலாம், ரியாத்துக்கு வரத் தாம் ஆயத்தம் என்று ஒரு பக்கம். இரண்டாம் பக்கம் அவர் பணி விவரம், வருடவாரியாக. மூன்றாம் பக்கம் 'இணைப்பு: தாயகம் திரும்ப விரும்புவோர்', பதினோரு பெயர்களும் கடவுச்சீட்டு எண்களும்.

"பட்டியலை முதலில் வைத்தால் என்ன?" என்று கேட்டேன்.

"இணைப்பு கடைசியில்தான் வரும், மிஸ் நுஸைபா."

"அவசரம் அதற்குத்தானே?"

"அனுப்புபவன் யார் என்று தெரியாமல் யாரும் அவசரப்பட மாட்டார்கள்."

சரியாகத்தான் இருக்கும். நாற்பது வருடம் கடிதம் எழுதியவர். ஆனாலும் ரொட்டி ஆறிப்போனது. அவர் அதைத் தொடவே இல்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

அலி மாஸ்டரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேன் வந்தது. நானும் போனேன். கடிதத்தின் பிரதியை அவரிடம் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியும். படித்துவிட்டுச் சிரித்தார். வாப்பாவிடம் அரபியில் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்ன வாப்பா?"

"ஒண்ணுமில்ல."

"வாப்பா, நீங்க மொழிபெயர்ப்பாளர்."

வாப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தொண்ணூத்தி நாலுல தெற்கு மறுபடியும் தனியாப் பிரிஞ்சதாம். கொஞ்ச நாள்தான் நின்னுச்சாம். அந்த சர்க்கார்ல சஃபீர் காக்கா மந்திரியா இருந்தாஹளாம். நாப்பத்தோரு நாளு."

"அமைச்சரா? ஏன் சொல்லவே இல்லை?"

"அதை விடு புள்ளெ."

எனக்குப் புரிகிறது. தன்னடக்கம். தூதரைவிட அமைச்சர் பெரியவர். அதைப் போய்க் கண் வலி என்று சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 27, திங்கள்

இன்று கடிதம் போய்விட்டது. அனுப்புவதற்கு முன் இரண்டாம் பக்கத்தில் ஒன்பதாவது வரியாக ஒன்று சேர்த்தேன். '1994: அமைச்சர் (41 நாட்கள்).' உண்மை எழுதுவதாக இந்த நோட்டில்தான் சத்தியம் செய்தேன், கடிதத்தில் இல்லை என்பது தெரியும். ஆனால் முபாரக் என்பவர் இதைப் பார்த்தால் மரியாதை இன்னும் கூடும் அல்லவா?

அவரிடம் காட்டலாம் என்றுதான் தாள்களை எடுத்துப்போனேன். அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பேனாவால் ஒரு சுழி, ஒரு சுழி, கடைசியில் முழுக் கையெழுத்து.

"படிக்கவில்லையா?"

"தட்டச்சு செய்பவரை நம்பாதவன் தூதராக இருக்க முடியாது."

வாப்பாவின் கடையில் ஸ்கேன் எடுத்து, கடிதம் ஒரு கோப்பு, இணைப்பு தனிக் கோப்பு என்று மின்னஞ்சலில் அனுப்பினோம். வாப்பா கடை என்றால் பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடை. வாப்பா அங்கேயே இருப்பதால் எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.

ஏப்ரல் 28, செவ்வாய்

பதில் இல்லை.

ஏப்ரல் 29, புதன்

பதில் இல்லை. இரண்டாம் மாடிக் குளியலறையில் தண்ணீர் அடைப்பு. நானும் உம்மாவும் சரிசெய்தோம். ஒரு பிடி முடி.

மே 1, வெள்ளி

பதில் இல்லை. சஃபீர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ரியாத்தில் இந்த மாதம் எவ்வளவு சூடு என்று வாப்பாவிடம் கேட்டாராம்.

மே 4, திங்கள்

பதில் வந்தது. மூன்று வரி. கடிதம் கிடைத்தது. நன்றி. உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்.

மூன்றாம் மாடியில் சஃபீருக்கு அதைப் படித்துக் காட்டியதும், நான் உம்மு வலீதிடம் சொல்லக் கீழே ஓடப் போனேன். வாப்பா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "நில்லு புள்ளெ. சஃபீர் காக்கா மூஞ்சியைப் பாத்தியா?"

பார்த்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தாம் அனுப்பிய கடிதத்தின் பிரதியை எடுத்தார். முதல் பக்கம். பிறகு இரண்டாம் பக்கம். விரல் மேலிருந்து கீழே வந்து நின்றது.

"மிஸ் நுஸைபா, ஒன்பதாவது வரி யாருடையது?"

"என்னுடையது. உண்மைதானே, ஐயா?"

"உண்மைதான்" என்றார். எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மே 5, செவ்வாய்

இன்று எழுத ஒன்றுமில்லை.

மே 6, புதன்

நேற்று எழுத நிறைய இருந்தது.

நேற்று வாப்பா அலி மாஸ்டரிடம் கேட்டுவந்து சொன்னார். அந்த நாற்பத்தொரு நாளும் வடக்குக்கும் தெற்குக்கும் போர். முபாரக்கின் தம்பி வடக்குப் படையில் இருந்தவன். இறந்துவிட்டான். முபாரக்குக்கு முன்னால் அந்த வருடத்தை யாரும் வாயில் எடுப்பதில்லையாம். நான் அதை எடுத்துத் தடித்த எழுத்தில் போட்டு அனுப்பியிருக்கிறேன். தடித்த எழுத்து என்பதை இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

கண் ஏன் சிவந்திருக்கிறது என்று உம்மா கேட்டாள். ஜலதோஷம் என்றேன். நோட்டில் உண்மை எழுதுவதாகத்தான் சொன்னேன், வாயால் சொல்வதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மே 9, சனி

தமாரிலிருந்து ஐந்து நாளாக அழைப்பு இல்லை. தங்கையின் எண் அணைந்திருக்கிறது.

உம்மு வலீத் இன்று மாலை வாப்பாவிடம் 'நாளைக்கி' கேட்கவில்லை. நேராக மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனாள். நானும் வாப்பாவும் பின்னால் ஓடினோம். கதவைத் திறந்த சஃபீரிடம் அவள் வாசலிலேயே நின்று பேசினாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. 

"என்ன சொல்றாங்க வாப்பா?"

"கவலையா இருக்குன்னு சொல்றா."

"அவ்வளவு நேரமா?"

"ரொம்பக் கவலையா இருக்கு."

சாப்பிடும்போதுதான் வாப்பா முழுவதும் சொன்னார். "ஒங்க கடிதத்துல எம் பிள்ளைங்க மூணாம் பக்கத்துலயா இருக்காங்க, ஒங்க உத்தியோகம் மொதப் பக்கத்துலயான்னு கேட்டா. எத்தனை கொடியை ஏத்தி இறக்கினீங்க, ஒரு கொடியாவது எங்க வீட்டு ஜன்னலை மறைக்குமான்னு கேட்டா."

"மூணாம் பக்கம்னு அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று உம்மா கேட்டாள்.

நான் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். அலி மாஸ்டரிடம் பிரதியைக் காட்டியது யார் என்று ஏப்ரல் 26இல் எழுதியிருக்கிறேன். திரும்ப எழுத வேண்டியதில்லை.

மே 10, ஞாயிறு

வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரையைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை. 'பேச்சுத்திறனாலும் பேனா வலிமையாலும்' என்று தொடங்கியிருந்தேன். படிக்கவே கோபம் வருகிறது, அவர் மேலா என் மேலா என்று தெரியவில்லை. நாற்பது வருடம் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் ஒரு கடிதத்தால்கூடப் பதினோரு பேரை விமானத்தில் ஏற்ற முடியவில்லை. அப்படியானால் அந்தக் கடிதங்கள் எல்லாம் எதற்கு?

மே 11, திங்கள்

காலை பத்து மணிக்கு சஃபீர் எங்கள் வீட்டுக்கே இறங்கி வந்தார். இதற்கு முன் வந்ததில்லை. உம்மா அவசரமாக முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் கிடந்த துணியை எடுத்தாள். அவர் கையில் தொலைபேசி. எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்துப் பேசுகிறேன், சுலைமான் சாட்சியாக இருக்க வேண்டும் என்றார். என்னைப் பார்த்து, "நீங்களும் இருங்கள், மிஸ் நுஸைபா" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு என் பெயரைச் சொன்னார்.

முபாரக்கை அழைத்தார். நீண்ட மணி. பிறகு ஒரு குரல். அரபியில் இருவரும் பேசினார்கள். எனக்கு ஓதத் தெரியும், பேச்சு புரியாது. ஆனால் வழக்கமான வணக்கங்களும் நலம் விசாரிப்புகளும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. சஃபீர் தம் பெயரை மட்டும் சொன்னார், முன்னால் எதுவும் இல்லாமல். வாப்பா பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முபாரக் முதலில் கேட்டது: "இருபத்தொரு வருடமாக எந்தக் காகிதத்திலும் எழுதாததை இப்போது ஏன் எழுதினீர்கள்?"

"நான் எழுதவில்லை. ஒரு பெண் எழுதினாள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்."

"அது உங்கள் பழக்கம்."

"ஆமாம். அன்றைக்கும் அப்படித்தான். மேசையில் ஒரு தாள் வந்தது. பதினேழு பெயர்கள். கைதிகளை ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மாற்றும் உத்தரவு. என் துறையே இல்லை. உரிய அமைச்சர் ஊரில் இல்லாததால் என்னிடம் வந்தது. மூலையில் ஒரு சுழி போட்டேன். அந்த லாரி மலைப்பாதையில் தாக்கப்பட்டது. யார் தாக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் தம்பி ஹாஷிம் அந்தத் தாளில் இருந்தான் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. படித்திருந்தால் அந்தப் பெயரை நிறுத்தியிருப்பேன். படிக்கவில்லை."

சஃபீர் தொலைபேசியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார்.

"எனக்கு எந்தப் பொறுப்பும் வேண்டாம். அந்தக் கடிதத்தின் முதல் இரண்டு பக்கத்தையும் கிழித்துவிடு. மூன்றாம் பக்கத்தைப் படி."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அலைவரிசைக் கோளாறா, அவரே துண்டித்தாரா என்று வாப்பாவுக்குத் தெரியவில்லை.

உம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடுங்கோ காக்கா" என்றாள். இந்த முறை அந்தக் காக்காவில் குத்தல் இல்லை. அவர் குடித்துவிட்டு, மாடி ஏறுவதற்கு வாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மே 12, செவ்வாய்

ஒன்றும் இல்லை. இன்று உண்மையாகவே ஒன்றும் இல்லை. நான்கு முறை மின்னஞ்சல் பார்த்தேன். உம்மா ஆறு முறை கேட்டாள்.

மே 13, புதன்

ஒரே வரி வந்தது. 'இணைப்பைத் திறக்கவில்லை. பெயர்களை மட்டும் அனுப்பவும்.'

இணைப்பைத் திறக்கவே இல்லையாம். பதினாறு நாளாக! உம்மு வலீத் தினமும் மாலையில் படிக்கட்டில் நின்றது, நான் அழுதது, எல்லாம் யாரும் திறக்காத ஒரு பக்கத்துக்காக. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. சஃபீர் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"நானும் என் மேசையில் இருந்தபோது இணைப்புகளைத் திறந்ததில்லை" என்றார்.

ஒரே பக்கம் தட்டச்சு செய்யச் சொன்னார். மேன்மை இல்லை, உயர்ந்த மதிப்பு இல்லை. மேலே ஒரு வரி: 'இவர்கள் வீடு திரும்ப வேண்டும்.' கீழே பெயர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பதினோரு பேரையும் கடவுச்சீட்டோடு மேலே வரச் சொன்னார். ஒவ்வொருவராக முன்னால் உட்காரவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பெயரை வாய்விட்டுப் படித்தார், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் வரைக்கும். சரியா என்று கேட்டார். எண்ணைப் படித்தார். சரியா என்று கேட்டார். ஒருவருடைய எண்ணில் நான் ஒன்றை ஏழாக அடித்திருந்தேன். அவர் கண்டுபிடித்தார்.

உம்மு வலீத் கடைசியாக வந்தாள். அவள் பெயர் ஸமீரா. இத்தனை நாளாக எனக்கு அது தெரியாது. உம்மு வலீத், அதாவது வலீதின் அம்மா, என்றே கூப்பிட்டோம்.

பன்னிரண்டாவதாக நான் அவர் பெயரையும் அடித்து வைத்திருந்தேன். அவர் அதன்மேல் ஒரு கோடு போட்டார்.

"நீங்கள் போக வேண்டாமா?"

"பட்டியலில் கையெழுத்துப் போடுபவனின் பெயர் அதே பட்டியலில் இருக்கக் கூடாது. அது மரபு."

"அப்படி ஒரு மரபு இருக்கிறதா?"

"இன்றிலிருந்து" என்றார்.

இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் ஒரு முறை மின்சாரம் போய் வந்தது.

மே 18, திங்கள்

பதினோரு பேருக்கும் அனுமதி. புதன்கிழமை ரயிலில் கிளம்பி மும்பை, அங்கிருந்து விமானம். ஸன்ஆவில் இறங்கி, அங்கிருந்து தமாருக்குச் சாலை வழி. தங்கையும் நேற்று பேசிவிட்டாள். தொலைபேசி மின்னேற்றம் செய்ய மின்சாரம் இல்லையாம், அவ்வளவுதானாம். அவ்வளவுதான் என்று அவள் சொன்னதாக ஸமீரா நான்கு முறை சொன்னாள்.

முபாரக்கிடமிருந்து சஃபீருக்குத் தனியாக ஒன்றும் வரவில்லை. நான் கேட்டேன். "இல்லை" என்றார். கூட்டறிக்கை இல்லை, கண் வலி இல்லை. கேட்ட கேள்விக்கு நேரான பதில், முதல் முறை.

மே 20, புதன்

போய்விட்டார்கள். பகல் பதினொன்றுக்கு இரண்டு வேன். பெட்டிகளைவிட மருந்துப் பைகள் அதிகம். உம்மா எல்லாருக்கும் தேங்காய்ச் சோறு கட்டிக் கொடுத்தாள். சஃபீர் தெருவரைக்கும் இறங்கி வந்தார். கையில் பட்டியலின் பிரதி. ஒவ்வொருவரும் வேனில் ஏறும்போது ஒரு பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டார்.

ஸமீரா ஏறும் முன் அவர் எதிரில் நின்றாள். மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. அவர் அவள் பெயருக்கு எதிரே குறியைப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கி" என்றாள். இந்த முறை அது கேள்வி இல்லை.

அவர்கள் போன பிறகு ஒன்பது அறைகளின் படுக்கைத் துணிகளை உருவினோம். மொட்டை மாடியில் காயப்போட இடம் போதவில்லை.

மே 21, வியாழன்

தேர்வு முடிவு. 489. சமூக அறிவியலில் 99. செங்கடல்.

மே 22, வெள்ளி

இரண்டு யெமனும் ஒன்றாகி இன்றோடு இருபத்தைந்து வருடம். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் தூதர்கள் விருந்து கொடுப்பார்களாம். முந்நூறு பேர் வருவார்களாம். இன்று அசர் தொழுகைக்குப் பிறகு மூன்றாம் மாடியில் விருந்து. வந்தது நாங்கள் மூன்று பேர். கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் தனித்தனியே வரவேற்றார். எலுமிச்சை ஜூஸ். உம்மாவுடைய வட்டிலப்பம். அவருக்கு உப்பு ஆகாது, இனிப்பு ஆகும்.

"கொடி எங்கே ஐயா?" என்று கேட்டேன்.

"எந்தக் கொடியை ஏற்றச் சொல்கிறீர்கள்?"

அது வேடிக்கையாகச் சொன்னதா என்று தெரியவில்லை. வாப்பா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அப்போது வாப்பாவின் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. தமார். வலீத் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். இப்போது இரண்டு பல் இல்லை. பக்கத்தில் ஸமீராவின் கை மட்டும் தெரிகிறது, அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு. அதே ஜன்னல், அதே ஒட்டு நாடா. சஃபீர் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார், அதைப் படிப்பவரைப் போல. வாப்பாவிடம் வாங்கிய கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்க மறந்தே போனார்.

நாங்கள் கிளம்பும்போது என் கட்டுரையைக் கேட்டார். கொடுத்தேன். 'பேச்சுத்திறனாலும் பேனா வலிமையாலும்' என்ற வரியை என்னவென்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். அதை அடித்துவிடச் சொன்னார். கடிதத்தின் அந்த ஒன்பதாவது வரியை, நாற்பத்தொரு நாளை, கட்டுரையிலும் எழுதியிருந்தேன்; அது இருக்கட்டும் என்றார். அதன் கீழே தம் பேனாவால் அரபியில் இரண்டு வரி எழுதினார். வாப்பா படித்துச் சொன்னார்: 'பதினேழு பேர். ஹாஷிம் என்பவனைத் தவிர மற்றவர்களின் பெயர் எனக்குத் தெரியாது.'

பள்ளி மலருக்கு இந்தக் கட்டுரை சரிவராது. தமிழாசிரியை கேட்டால் மாமாவைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம்.

மக்ரிப் தொழுதுவிட்டு உம்மாவோடு மேலே போனேன், காலி அறைகளைப் பார்த்துப் பூட்ட. முதல் மாடி, இரண்டாம் மாடி எல்லாம் இருட்டு. மூன்றாம் மாடிக்கு ஏறும்போது உம்மா வழக்கம்போல், "ஏழு லைட்டு" என்று தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

கதவு திறந்திருந்தது. அவர் தெருப் பக்கத்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏழு விளக்குகளையும் அவரே அணைத்திருந்தார்.